கஞ்சிராவுக்குக் கட்டிய வில்லை

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரருடைய கஞ்சிராவைக் கண்டாலே எனக்கு ஆகாது. விருத்தாசலத்தில் செராமிக் பட்டறையில் பகல் முழுக்க ஃபியூஸ் கட்டைக்கு அச்சு எடுத்துவிட்டு வருவார். வந்ததும் கை கால் கழுவி, காபி குடித்த டம்ளரின் சூடு ஆறுவதற்குள் அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து விரித்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் அது. பலாமரத்தில் ஒரு வளையம், வளையத்தின் சந்தில் இரண்டு பழைய காசு, ஒரு பக்கத்தில் இழுத்து ஒட்டிய உடும்புத் தோல். தோலின் உட்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தொட்டுத் தடவினால் அந்தச் சின்னச் சாமானுக்குள்ளிருந்து ஆழமாக ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தில் எனக்கு அடுப்பில் குழம்பு பொங்குவது காதில் விழாது. எத்தனையோ நாள் அடிப்பிடித்த குழம்பைத்தான் இரண்டு பேரும் சாப்பிட்டோம். "உன் சமையலுக்கு என் கஞ்சிரா மேல பழி" என்பார். அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

நானும் அதே பட்டறையில்தான் வேலை பார்த்தேன். பொம்மைக்குக் கண் எழுதுவது, ஜாடிக்குப் பூ எழுதுவது, எல்லாச் சாமானுக்கும் அடியில் சுழி போடுவது என் வேலை. சுழி என்பது ஒரு சின்ன அடையாளம். யார் அச்சில் எடுத்தது, எந்தச் சூளையில் போனது என்று அதைப் பார்த்தால் தெரிந்துவிடும். சுடுவதற்கு முன் அந்த மை சாம்பல் மாதிரி அழுக்காக இருக்கும். சூளையிலிருந்து வெளியே வரும்போது நல்ல நீலமாக, மேலே பூசிய கண்ணாடி மெருகுக்கு அடியில் மாட்டிக்கொண்டு பளபளவென்று இருக்கும். அதற்குப் பிறகு சுரண்டினாலும் போகாது, திருத்தவும் முடியாது. ஒருமுறை வேப்பூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர் விரிசல் விட்ட ஊறுகாய் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்து, இது உங்கள் சரக்குதான், மாற்றிக் கொடுங்கள் என்று சத்தம் போட்டார். எங்கள் சூளைக்காரர் ஜாடியைக் கவிழ்த்து அடியைக் காட்டினார். எங்கள் சுழி இல்லை. கடைக்காரர் ஜாடியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். எங்கள் ஊரில் வழக்கு அப்படித்தான் தீரும்.

என் வீட்டுக்காரர் ஒரு பஜனை கோஷ்டியில் வாசித்துக்கொண்டிருந்தார். பாடுகிற பாகவதர் பகலில் தபால் ஆபீசில் முத்திரை குத்துகிறவர். கூட ஆர்மோனியம், மிருதங்கம், இவருடைய கஞ்சிரா. எழுபதுகளின் பின்பாதியில் ஒரு நாள் பாகவதர் மூச்சு வாங்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். பினாங்கில் ஒரு கோயிலில் புரட்டாசி மாதத்துக்குப் பஜனை பாடக் கோஷ்டியைக் கூப்பிட்டிருக்கிறார்கள், கப்பல் செலவு அவர்களுடையது என்றார். கூப்பிட ஏற்பாடு செய்தது வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரருடைய அக்காதான்.

அந்த அக்காவை நான் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு தகர டப்பாவில் தாளம் தட்டித் திரிந்த வயதில் அக்காவைப் பினாங்கில் கட்டிக்கொடுத்துக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் ஊருக்கு வரவே இல்லை. தம்பி கையில் கஞ்சிரா வந்ததும், இந்தப் பக்கத்தில் பத்துப் பேர் தலையாட்டுகிற அளவுக்கு அவர் வாசிக்கக் கற்றுக்கொண்டதும் அக்கா கடிதத்தில் அறிந்த செய்திதான், வாசிப்பைக் காதால் கேட்டதில்லை. எல்லாக் கடிதத்திலும் 'உன் வாசிப்பை எப்போதடா கேட்பேன்' என்று ஒரு வரி இருக்கும்.

"அக்கா கேக்கணும்" என்று அன்றைக்கு இவர் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு கஞ்சிராவைத் திட்டுவதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திவைத்தேன்.

கடல் காற்றில் தோல் தொய்ந்து போகும், கைவசம் இன்னொரு தோல் இருக்கட்டும் என்று மங்கலம்பேட்டைக்குப் போனோம். அங்கே தோல் வியாபாரம் செய்கிற ஒரு பாய் இருந்தார். ஆட்டுத்தோல்தான் அவருக்குப் பிழைப்பு, உடும்பும் பாம்பும் அதோடு சேர்த்துத்தான். சில வருஷங்களுக்கு முன் ஒரு தடவை அவர் கிடங்குக்குள் எட்டிப் பார்த்திருக்கிறேன். காயவைத்த உடும்புத் தோல் மூட்டை மூட்டையாக உத்தரம் வரைக்கும் அடுக்கிக் கிடந்தது. ஒரு உடும்பைப் பார்த்தால் பயம்தான் வரும். அத்தனை உடும்பை ஒரே இடத்தில் தட்டையாகப் பார்த்தபோது உள்ளே காலை வைக்காமல் திரும்பிவிட்டேன். இந்தத் தடவை கிடங்கின் அந்த மூலை காலியாக இருந்தது.

"உடும்பு எடுக்கறதில்லம்மா இப்ப" என்றார் பாய்.

"ஏன் பாய், கெடைக்கலியா?" என்று இவர் கேட்டார்.

"கெடைச்சாலும் எடுக்கறதில்ல. பெரிய பெரிய நாடெல்லாம் அமெரிக்காவுல உக்காந்து பேசி ஒரு ஒப்பந்தம் போட்டுருக்காங்களாம். அழிஞ்சு போற பிராணி, செடி கொடி எதையும் நாடு உட்டு நாடு விக்கக் கூடாதாம். நம்ம நாடும் கையெழுத்துப் போட்டுருச்சு. அந்த அட்டவணையில உடும்பு இருக்குது."

"உடும்பா?" என்றேன் நான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்திரிக்காட்டில் விறகு பொறுக்கப் போகிறவர்கள் அடித்துக் கொண்டுவந்து குழம்பு வைக்கிற உடும்பு. இடுப்பு வலிக்குக் கொழுப்பை உருக்கித் தேய்க்கிற உடும்பு. அதைப் பற்றி அமெரிக்காவில் பேசினார்களா? விருத்தாசலம் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களுக்கு விருத்தாசலத்து உடும்பு தெரிந்திருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியம்.

"நம்ம தோலையெல்லாம் வாங்குனவங்களே அவங்கதானே பாய்? அவங்க ஊரு அம்மாமாருங்க கைப்பைக்குத்தானே இத்தனையும் போச்சு?"

"அதான் எனக்கும் புரியல" என்றார் பாய். "வாங்குனவங்களே வாங்காதன்னு சொல்றாங்க. ஆனா ஒண்ணும்மா, நான் சின்ன வயசுல பாத்த உடும்புல பாதிகூட இப்ப இல்ல. அதையும் சொல்லணும்ல?"

அவர் இரண்டு பக்கமும் பேசினதில் எனக்கு இருந்த தெளிவும் போய்விட்டது. திரும்பி வருகிற பஸ்ஸில் என் வீட்டுக்காரர் மடியில் வைத்திருந்த பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். உள்ளே இருந்த கஞ்சிரா நாடு விட்டு நாடு போகலாமா கூடாதா? அதை யாரிடம் கேட்பது என்று இருவருக்கும் தெரியவில்லை.

பாகவதர் ஒரே வார்த்தையில் முடித்தார். "மிருதங்கத்துல ஆடும் மாடும் இருக்குது, அதுங்களுக்கு ஒப்பந்தம் கெடையாது. யாராச்சும் கேட்டா உம்மதும் ஆட்டுத்தோலுதான்னு சொல்லிட்டுப் போவணும்யா. பெருமாள் மன்னிச்சுப்பாரு."

என் வீட்டுக்காரருக்குப் பொய் வராது. அது நல்ல குணம் என்று சொல்கிறவர்கள் அவரோடு குடித்தனம் நடத்திப் பார்க்க வேண்டும். 'சேலை நல்லா இருக்குதா' என்று கேட்டால் உண்மையைச் சொல்கிற மனுஷர். மறுநாளே வேலைக்கு லீவு போட்டுவிட்டு வனத்துறை ஆபீசுக்குக் கிளம்பினார். அவரைத் தனியாக அனுப்பினால் என்ன சொல்லி மாட்டிக்கொண்டு வருவாரோ என்று நானும் கூடப் போனேன்.

அங்கே மேஜைக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"உடும்பு வச்சிருக்கீங்களா?"

"இல்லைங்க, கஞ்சிரா வச்சிருக்கேன்."

"அதுல உடும்பு இருக்குதா?"

"தோலு இருக்குதுங்க."

"அப்ப உடும்புதான். எப்ப வாங்குனது?"

"அறுபத்தொம்பதுலங்க. ஸ்ரீமுஷ்ணம் தேரு அன்னிக்கு."

"அப்ப நம்ம சட்டமே வரல. ஒண்ணும் பயமில்ல."

"அப்ப பினாங்குக்கு எடுத்துக்கிட்டுப் போலாமுங்களா?"

அவர் காதைச் சொறிந்தார். "வூட்டுல வச்சிக்கறதுக்கு ஒரு சட்டம். கப்பல் ஏத்தறதுக்கு வேற சட்டம். அது உலகத்துச் சட்டம், எங்ககிட்ட இல்ல. சட்டத்துக்கு முந்தி வாங்குன பழசுன்னு அத்தாட்சி இருந்தா விடுவாங்கன்னு நெனைக்கறேன்."

எங்களுக்குக் கிடைத்தது அந்த 'நெனைக்கறேன்' ஒன்றுதான். அதையே பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். அத்தாட்சிக்கு எங்கே போவது? தேர்க் கூட்டத்தில் தரையில் கோணி விரித்து மேளமும் கஞ்சிராவும் விற்ற ஆளிடம் ரசீது கேட்டு வாங்குகிறவன் உண்டா? அந்த ஆள் எந்த ஊர் என்றுகூட இவருக்குத் தெரியாது. தேரில் இருந்த வராக மூர்த்தியைத் தவிர வேறு சாட்சி இல்லை. அவரோ ஸ்ரீமுஷ்ணத்தை விட்டு மெட்ராஸ் துறைமுகத்துக்கு வரப்போவதில்லை.

அன்றைக்கு ராத்திரி சோறு தின்றுகொண்டிருந்த என் வீட்டுக்காரர் திடீரென்று கையை நிறுத்தினார். "வருசத்தை எழுதி ஒரு வில்லை சுட்டுக் கட்டிட்டா என்னா?"

எனக்கு உடனே பிடித்துவிட்டது. பட்டறையில் சொன்னபோது எல்லோருக்கும் பிடித்துவிட்டது. காகிதத்தில் எவன் வேண்டுமானாலும் எழுதலாம், அழிக்கலாம், திருத்தலாம். சுட்ட எழுத்தை எவனால் திருத்த முடியும்? சூளைக்காரர் தலையை ஆட்டி, "இதைவிட அத்தாட்சி வேற என்னா வேணும்" என்றார். இவர் நல்ல வெள்ளைக் களிமண்ணில் நாலணா நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வில்லை செய்தார். சுட்டால் சுருங்கும் என்று கணக்குப் பார்த்து இரண்டு ஓட்டையைப் பெரிதாகவே போட்டார். நான் பொம்மைக்குக் கண் எழுதுகிற தூரிகையால், 'ஸ்ரீமுஷ்ணம் 1969' என்று எழுதினேன். ஃபியூஸ் கட்டைகளோடு சூளைக்குள் போய், கத்திரிப்பூ கலந்த நீலத்தில் பளிச்சென்று வெளியே வந்தது. சிவப்பு நூல் கோத்து வளையத்தில் கட்டினோம். எவ்வளவு லட்சணமாக இருந்தது தெரியுமா?

இவ்வளவு பேர் பார்த்தோம், இவ்வளவு பேர் தலையாட்டினோம். எங்கள் சுழியை ஊர் நம்புவதற்குக் காரணம், சாமான் செய்கிற அன்றைக்கே அதைப் போட்டுவிடுகிறோம் என்பதுதான். கஞ்சிரா வாங்கிப் பல வருஷம் கழித்துச் சுட்ட வில்லை எதற்குச் சாட்சி? வெளியூர்க்காரன் ஒருவனுக்கு இது முதலில் தோன்றியிருக்கும். சுட்டது பொய் சொல்லாது என்று நம்பி வளர்ந்த எங்களுக்குத் தோன்றவில்லை.

வேப்பூருக்குப் போய் மெட்ராஸ் பஸ் பிடித்தோம். வழியனுப்ப நானும் போனேன். துறைமுகத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு என்னை ஒரு கயிறு கட்டிய இடம் வரைக்கும் விட்டார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பெட்டிகளைத் திறந்து பார்க்கிற நீள மேஜை. கைக்கெட்டும் தூரம்தான், பேசுவதெல்லாம் கேட்டது. மிருதங்கத்தை அதிகாரி தொடக்கூட இல்லை, போ என்று கையைக் காட்டினார். ஆர்மோனியமும் போயிற்று. என் வீட்டுக்காரருடைய பையையும் மூடப் போனார். அப்போது சிவப்பு நூலில் தொங்கிய வில்லை வெளிச்சத்தில் மின்னியது.

"இது என்ன?" என்றார். கண்ணாடி போட்ட, வயசு அதிகம் ஆகாத மனுஷர்.

"அத்தாட்சி சார்" என்றார் என் வீட்டுக்காரர். அந்தக் குரலில் இருந்த பெருமையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வருகிறது.

"எதுக்கு அத்தாட்சி?"

"தோலு பழசுங்கறதுக்கு சார். உடும்புத் தோலு."

பாகவதர் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டார். அதிகாரி கஞ்சிராவை வெளியே எடுத்தார். வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புதுசா இருக்கே. எப்ப எழுதினது?"

அப்பவே எழுதினதுதான் என்று கத்த நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் சொல்லிவிட்டார்.

"போன வாரம் சார்."

"போன வாரமா? அறுபத்தொன்பதுன்னு போட்டிருக்கு?"

"அறுபத்தொம்பதுலதான் சார் வாங்குனேன்."

"அதைப் போன வாரம் எழுதினீங்க."

"ஆமாம் சார். எழுதிச் சுட்டிருக்கோம் சார். இனிமே யாராலயும் மாத்த முடியாது."

அதிகாரி அவர் முகத்தைப் பார்த்தார். கேலி செய்கிறாரா என்று பார்த்திருப்பார். முகத்தில் கேலி இல்லை என்றதும் அவர் குரலும் இறங்கிவிட்டது. "மாத்த முடியாது, சரி. எழுதும்போதே தப்பா எழுதியிருந்தா?"

என் வீட்டுக்காரர் எட்டி வில்லையைப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் பொறி தட்டியது. எழுதின என் கையைப் பார்த்தேன். எழுதினது உண்மை. ஆனால் உண்மை என்று காட்ட அதனால் முடியவில்லை. இது என்ன நியாயம் என்று எனக்குக் கோபமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"வாங்கின வருஷம் இருக்கட்டும்" என்றார் அதிகாரி. "இந்த உடும்பு எப்ப செத்தது? அது தெரியுமா?"

"தெரியாது சார்" என்றார் இவர். அதைச் சொல்லும்போது கஞ்சிராவைப் பார்த்தார். புதிதாக ஒன்றைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

பிறகு அதிகாரி இன்னொருவரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் ஒரு தடிப் புத்தகத்தைப் புரட்டிப் பேசினார்கள். இது வியாபாரமா இல்லையா என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு. விற்கப் போகவில்லை, வாசிக்கத்தான் போகிறேன் என்றார் இவர். வாசித்தால் ஏதாவது கொடுப்பார்களா என்றார் இரண்டாமவர். தட்சணை கொடுப்பார்கள் என்றார் இந்த மகராசர். இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்த பாகவதர், "உடும்பும் வேணாம், கையை விட்டாப் போதும்னு ஆயிருச்சே" என்று முனகினார்.

கடைசியில் கண்ணாடி போட்டவர் வந்தார். "எனக்கே இது தெளிவா இல்லை. ஒரு மேளத்துக்காக இந்தச் சட்டம் போடலைன்னு தோணுது. ஆனா விட்டா சரியான்னும் தெரியலை. பறிமுதல் பண்ண எனக்கு மனசு இல்லை. வழியனுப்ப வந்தவங்க யாராவது இருந்தா அவங்ககிட்டக் கொடுத்துட்டுப் போங்க."

"அப்ப நான் போவல சார்" என்றார் என் வீட்டுக்காரர். "இது இல்லாம நான் போயி என்னா பண்றது?"

கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து நான் கத்தினேன். "உங்க அக்காவைப் பாக்கப் போறீங்களா, உடும்பைப் பாக்கப் போறீங்களா? ஏறுங்க கப்பல்ல!" துறைமுகமே திரும்பிப் பார்த்தது. இவர் தலை குனிந்து, நூலை அவிழ்த்து, கஞ்சிராவைக் கயிற்றுக்கு மேலே நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அவிழ்த்த வில்லையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

"அதை எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் அதிகாரி. "மண்ணுக்குத் தடை இல்லை."

அவர் உள்ளே போய் மறைந்ததும் நான் திரும்பி நடந்தேன். அழுதுகொண்டேதான் நடந்தேன். வெளி வாசலில் காவலுக்கு இருந்தவர் கையை நீட்டி மறித்தார்.

"பையில என்னாம்மா?"

"கஞ்சிரா."

"உள்ளேருந்து எடுத்தாறியா? கப்பல்ல வந்தவங்க குடுத்தாங்களா?"

"இல்லைங்க. காலையில நாங்கதான் எடுத்துட்டு வந்தோம். போவ வுடல. திரும்ப எடுத்துட்டுப் போறேன்."

"உன்னுதுதான்னு என்னா அத்தாட்சி?"

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. அத்தாட்சி கப்பலில் போய்க்கொண்டிருந்தது. என்ன சொல்வது? வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். உடும்பு, ஒப்பந்தம், ஸ்ரீமுஷ்ணம் தேர், பினாங்கு அக்கா. காவலர் ஒன்றும் விளங்காமல் மீசையைத் தடவினார். "நீ சொல்றது ஒண்ணும் பிடிபடல. உன்னுதுன்னா வாசிச்சுக் காட்டு, பாப்போம்" என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ.

என் வாழ்க்கையில் அதை நான் தொட்டு வாசித்ததில்லை. இடது கையில் பிடித்தேன். கண்ணைத் துடைத்த வலது கை ஈரமாக இருந்தது. அந்த ஈரத்தைத் தோலின் உட்பக்கம் தடவினேன், இவர் தடவுகிற மாதிரியே. பிறகு தட்டினேன். தினம் சாயங்காலம் அடுப்படியில் நின்றுகொண்டு எந்த வாசிப்பைச் சபித்தேனோ அது வந்தது. முதல் தட்டுக்கே அந்த ஆழமான சத்தம். விரலுக்கு எப்படித் தெரியும்? எத்தனை வருஷம் காதுக்குள் போயிருக்கிறது, அது எங்கே தங்கியிருந்தது? நடுவில் தடுமாறினேன். ஆனாலும் நிறுத்தவில்லை. வாசலில் மூட்டை தூக்கிக்கொண்டு போனவர்கள் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள்.

"போம்மா" என்றார் காவலர். "உன்னுதுதான்."

இவர் திரும்பி வந்த அன்றைக்குச் சாமான்களைக்கூட அவிழ்க்க விடாமல் கேட்டேன், என்ன ஆயிற்று என்று. பினாங்கில் கோயில்காரர்களே கடைத்தெருவில் ஒரு கஞ்சிரா வாங்கி வைத்திருந்தார்களாம். அதுவும் உடும்புத் தோல்தான், அந்த ஊர் உடும்பு. எப்போது செத்தது என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த சொம்பைக் கீழே வைக்க மறந்துவிட்டேன். அப்போ எங்களுடைய ஒன்றைத்தான் உலகம் கூடித் தடுத்ததா?

"அக்கா என்னா சொன்னாங்க?"

"முன்னாடி உக்காந்து கேட்டுச்சு. முடிஞ்சப்புறம், 'இதாடா உன் கஞ்சிரா?'ன்னுச்சு. 'இல்லக்கா, இது இரவல்'னேன். 'சரி, உன்னுதை நான் ஊருக்கு வந்து கேட்டுக்கறேன்'னுச்சு. வில்லையைக் காட்டுனேன். குடுடான்னு வாங்கிச் சாவிக்கொத்துல மாட்டிக்கிச்சு."

ஒரு வார்த்தை, 'ஆமாம்' என்று சொல்லியிருந்தால் அந்த அக்கா மனசு நிறைந்திருக்கும். அங்கேயும் பொய் வரவில்லை இவருக்கு. அதிகாரி கேட்ட கேள்வி மட்டும் இவரை விடவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாய்ப்பாடு மாதிரி அதையே உருப்போட்டார். அது எப்போது செத்திருக்கும், முட்டை இட்டிருக்குமா, முந்திரிக்காட்டு உடும்பா வேறு எங்கேயாவது பிடித்ததா என்று சாப்பிடும்போது கேட்பார். எனக்கு என்ன தெரியும்? பட்டறைக்குப் பின்னால் உடைந்த ஜாடிக் குவியலில் ஒரு நாள் உயிருள்ள உடும்பு ஒன்று படுத்திருந்தது. சூளைக்காரர் கட்டையைத் தூக்கினார். இவர் போய் நடுவில் நின்றுகொண்டார். அது பாட்டுக்கு ஓட்டுச்சில்லுகளுக்குள் நுழைந்து போய்விட்டது. ஏன் தடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, "தெரியல" என்றார். ஆனால் கஞ்சிரா வாசிப்பதை நிறுத்தவும் இல்லை. இரண்டும் எப்படி ஒரே மனுஷருக்குள் இருந்தன என்று எனக்கும் தெரியவில்லை.

அக்கா தன் கடிதங்களில் ஆளை விசாரிக்கிற மாதிரி கஞ்சிராவை விசாரிப்பார். இவர் சொல்லச் சொல்ல நான்தான் பதில் எழுதுவேன். 'சட்டப்படி இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் நன்றாக இருக்கிறது' என்று ஒரு தடவை சொன்னார். அப்படியே எழுதினேன். தீபாவளிக்கு வருகிறேன், சித்திரைக்கு வருகிறேன் என்று அக்காவிடமிருந்து வந்துகொண்டே இருந்தது. முழங்கால் வலி, பேரன் பிறப்பு, ஏதாவது ஒன்று குறுக்கே விழும்.

எழுபதுகள் முடிகிற சமயத்தில், பினாங்கிலிருந்து ஊர் திரும்பிய மங்கலம்பேட்டைக்காரர் ஒருவர் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். அக்கா வீட்டுக்காரர் கொடுத்தனுப்பியதாகச் சொல்லி ஒரு சின்னப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, உட்காரக்கூட இல்லாமல் கிளம்பிவிட்டார். அக்கா இல்லை என்று அவர் முகத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பிரித்தால் உள்ளே அந்த வில்லை. நூல் மட்டும் புதிது. வழியில் யாரும் அதை என்ன என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

இவர் அழவில்லை. வில்லையைத் துடைத்தார், திருப்பினார். பின்பக்கம் ஒன்றும் எழுதாமல் வெள்ளையாக இருந்தது.

"இதுல அக்கா போன வருசத்தை எழுத முடியுமா?" என்று கேட்டார்.

"சுட்டாச்சுங்க" என்றேன். "இனிமே எழுதுனா நிக்காது."

அப்படியா என்பது போலத் தலையை ஆட்டினார். கஞ்சிராவை எடுத்து, வில்லையைப் பழைய இடத்தில் கட்டிவிட்டு, தண்ணீர் கேட்டார். சொம்பில் கொண்டுபோய் வைத்தேன். அன்றைக்கு அவர் வாசித்து முடிக்கிறவரைக்கும் நான் அடுப்புப் பக்கம் போகவில்லை.